கயிற்றில் ஒட்டிய மணல்

பாறசாலையில் பஸ் மாறுவதற்காகக் காத்திருந்த ஒரு மாலை நேரம். டீக்கடை டிவியில் தங்கம் தேடும் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் சொந்த ஊரை விட்டு எங்கோ ஒரு குளிர்காட்டுக்கு வந்திருக்கிறார். ஆற்று மணலை இயந்திரம் வைத்து அள்ளுகிறார், அலசுகிறார், சலிக்கிறார். கடைசியில் ஒரு தட்டின் அடியில் மினுங்கும் துகள்களைக் கேமராவுக்கு நேராக நீட்டுகிறார். பின்னணி இசை உச்சத்துக்குப் போகிறது. கடையில் இருந்த நாலைந்து பேரும் டீ ஆறுவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவு. தங்கம் என்றால் கவனம் தானாகத் திரும்பும்.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த பெரியவர் மட்டும் அசரவில்லை. "இது எந்தப் பெரிய காரியம் மக்களே? நம்ம கடப்புறத்து மண்ணையும் ஒரு சாயிப்பு வந்துதான் கண்டுபிடிச்சான்னு எழுதி வச்சிருக்கானுவ. காலாகாலமா அதிலே சவிட்டிட்டு நடந்தது ஆரு?" என்றார். கேட்டுவிட்டு, களியக்காவிளை போகும் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

சாயிப்பு என்றால் திருவிதாங்கூர்ப் பேச்சில் வெள்ளைக்காரன். பெரியவர் சொன்ன சாயிப்பு ஜெர்மனிக்காரர். பெயர் சி.டபிள்யூ. ஷோம்பெர்க். அவர் தேடியது தங்கத்தை அல்ல. ஆனால் அன்றைய ஐரோப்பாவில் தங்கத்துக்கு நிகராகக் கம்பெனிகள் அடித்துக்கொண்ட ஒரு மணலை. அந்தக் கதையைப் படமாகப் பார்க்க எனக்கு ஆசை. எப்படி எடுக்க வேண்டும் என்பதில்தான் பெரியவரின் கேள்வி குறுக்கே நிற்கிறது.

டாக்குமென்டரி என்றாலே நம்மில் பலருக்குச் சினிமாக் கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடிய பிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படம்தான் ஞாபகம் வரும். வெள்ளச் சேதம், அணைக்கட்டு, அமைச்சரின் மாலை. புகை பிடிப்பவர்கள் வெளியே நிற்க அரசாங்கமே ஒதுக்கிக் கொடுத்த பத்து நிமிடம் அது. அந்த எண்ணத்தை மாற்றக்கூடிய படங்களில் ஒன்று, தங்கம் தேடிப் போனவர்களைப் பற்றியதுதான். 1957-ல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தயாரித்த 'சிட்டி ஆஃப் கோல்ட்'. கோலின் லோ, உல்ஃப் கேனிக் இருவரும் இயக்கியது. ஓடும் நேரம் இருபத்தைந்து நிமிடம்கூட இல்லை. கேன் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான பரிசு பெற்றது.

கனடாவின் வடமேற்கு மூலையில், கிளாண்டைக் ஆற்றுப் பகுதியில் 1896 ஆகஸ்டில் தங்கம் கிடைத்தது. செய்தி வெளியே பரவியதும் சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள் என்று கணக்கு. போய்ச் சேர்ந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. சாப்ளின் 'தி கோல்ட் ரஷ்' படத்தில் பசி தாங்காமல் பூட்ஸை வேகவைத்துத் தின்பாரே, அந்தக் காலம். அந்த வெறியை நேரில் படம் பிடித்த ஹெக் என்ற புகைப்படக்காரரின் கண்ணாடி நெகடிவ்கள், டாஸன் நகரத்தின் ஒரு பழைய மரவீட்டிலிருந்து பல வருடங்களுக்குப் பிறகு கிடைத்தன. இயக்குநர்கள் அந்த அசையாத படங்களின் மீது கேமராவை மெல்ல ஊர்ந்து போகவிட்டார்கள். பனிமலையில் எறும்பு வரிசை போல ஏறும் மனிதர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நம்மை நெருங்கி வருகின்றன. டாஸனில் வளர்ந்த பியர் பெர்ட்டன் என்ற எழுத்தாளர் கதை சொல்கிறார். 1898-ல் தங்கம் தேடிப் போன கூட்டத்தில் அவருடைய அப்பாவும் ஒருவர். பிற்காலத்தில் அமெரிக்க ஆவணப்படக்காரர் கென் பர்ன்ஸ் பயன்படுத்திப் புகழ்பெற்ற உத்திக்கு இந்தப் படமே முன்னோடி. அவரே அதைச் சொல்லியிருக்கிறார்.

நூறு பழைய போட்டோவும் ஒரு நல்ல குரலும் இருந்தால் ஒரு காலத்தையே எழுப்பி உட்கார வைத்துவிடலாம் என்பது இந்தப் படம் கற்றுத்தரும் பாடம். ஆனால் கிளாண்டைக் கதைக்குள் இன்னொரு பாடமும் இருக்கிறது. தங்கத்தைக் கண்டவர் என்று பதிவேட்டில் ஏறிய பெயர் ஜார்ஜ் கார்மாக். அன்று அவருடன் இருந்தவர்கள் டாகிஷ் பழங்குடியினர்: மனைவி கேட், மைத்துனர் ஸ்கூகம் ஜிம், ஜிம்மின் மருமகன் டாஸன் சார்லி. தங்கத்தை முதலில் பார்த்தவர் ஜிம்தான் என்று டாகிஷ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். பழங்குடி ஒருவர் பெயரில் கண்டுபிடிப்பைப் பதிவு செய்ய மாட்டார்கள் என்ற நினைப்பில் கார்மாக் பெயர் முன்னால் போனது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கண் ஒருவருடையது, கையெழுத்து இன்னொருவருடையது.

இதே கதை நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 1802-ல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி மைசூர் ராஜ்யத்தின் கிழக்கு எல்லையை அளந்துகொண்டிருந்தார். கோலார்ப் பக்கத்து மண்ணில் பொன் இருக்கிறது என்ற ஊர்ப்பேச்சு அவர் காதில் விழுந்தது. காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் வண்டியில் மண் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரிலேயே அலசி, பொன் துகளைக் காட்டினார்கள். எழுபது வருடம் கழித்து வாரனின் அறிக்கையைப் படித்துவிட்டு மாட்டுவண்டியில் கோலாருக்குப் போனார் லாவெல் என்ற ஐரிஷ்காரர். நியூசிலாந்தில் போர் செய்துவிட்டு வந்த ஓய்வுபெற்ற சிப்பாய். அசல் சாகசக்காரர். 1875-ல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். பிறகு வந்த கம்பெனியும், வட ஆர்க்காட்டிலிருந்து அங்கே போய் மண்ணுக்குள் இறங்கிய தமிழர்களும், 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டதும் நாம் அறிந்தவை. 2024-ல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' அந்தத் தொடக்கத்தைக் கற்பனை கலந்து சொன்னது. லாவெலின் பெயரில் பெங்களூரில் ஒரு பிரபலமான சாலை இருக்கிறது. வண்டியில் மண் கொண்டுவந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இனி ஷோம்பெர்க். நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஜெர்மானிய வேதியியல்காரருக்கும் நம் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள், 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தை நினைத்துக்கொள்ளலாம். கவுண்டமணியின் கடைக்கு வரும் செந்தில், பெட்ரோமாக்ஸ் விளக்கில் எப்படி வெளிச்சம் வருகிறது என்ற சந்தேகத்தில் அதன் மேன்டிலைத் தொட்டுப் பொடியாக்கி வைப்பார். தமிழ்நாடே சிரித்த அந்தக் காட்சியில் உதிர்ந்தது வெறும் துணி அல்ல. மேன்டில் என்பது தோரியம் உப்பில் ஊறிய வலை. ஒருமுறை கொளுத்தியதும் துணி எரிந்து போகும். தோரியம் ஆக்சைடின் எலும்புக்கூடு மட்டும் நிற்கும். தொட்டால் உதிரும். ஆனால் சூட்டில் வெள்ளை வெளேர் என்று ஒளிவிடும். ஆஸ்திரிய நாட்டு ஆயர் ஃபான் வெல்ஸ்பாக் 1890-களின் தொடக்கத்தில் இதைச் செம்மைப்படுத்தினார். 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம் என்பது அவருடைய சூத்திரம். மின்விளக்கு பரவாத ஐரோப்பிய நகரங்களில் தெருவும் வீடும் இந்த மேன்டிலால்தான் வெளிச்சம் பெற்றன.

தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். அன்று அது பெரும்பாலும் பிரேசில் கடற்கரையிலிருந்து வந்தது. இந்த நேரத்தில்தான், 1909-ல், ஷோம்பெர்க் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் மஞ்சளாக மினுங்கும் மணல் துகள்களைக் கவனித்தார். சோதித்தார். மோனசைட். கயிறு வந்த வழியைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்தார். மணவாளக்குறிச்சியில் நின்றார். பிரேசில் மணலைவிட இதில் தோரியம் அதிகம். 1910-ஐ ஒட்டி அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. அடுத்து, வடக்கே கொல்லத்துக்கு அப்பால் சவறாவில்.

ஒரு கயிற்றுப் பிரியில் ஒட்டிய மணலை நூலாகப் பிடித்துப் பாதி உலகம் கடந்து வருவது சாதாரணக் காரியம் இல்லை. ஷோம்பெர்க்குக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். அவர் முடிவும் சினிமாவுக்கு ஏற்றது. 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பிரிட்டிஷார் நிழலில் இருந்த திருவிதாங்கூரில் ஒரு ஜெர்மானியர் எப்படி நடமாட முடியும்? உளவாளி என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். தொழில் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கைக்குப் போனது. புதையலைக் கண்டவர் புதையலை இழந்தார். தங்கம் தேடிகளின் கதைகளில் வழக்கமாக வரும் கடைசி ரீல்.

அதற்குப் பிறகும் மணல் சும்மா இருக்கவில்லை. அதே கருமணலில் இருந்த இல்மனைட், வெள்ளைப் பெயின்டுக்கு வேண்டிய டைட்டானியம் தரும் என்று தெரிந்ததும் 1922 முதல் கப்பல் கப்பலாகப் போனது. அணுகுண்டுக்குப் பிறகு தோரியத்தின் மதிப்பு வேறு தளத்துக்கு ஏறியது. 1947-ல் திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தபோது, அவருடைய தைரியத்துக்குக் காரணங்களில் ஒன்று இந்த மணல். அந்த ஜூலை 25-ந் தேதி திருவனந்தபுரத்தில் ஒரு சங்கீத நிகழ்ச்சியில் அவர் வெட்டப்பட்டார். சில நாட்களில் திருவிதாங்கூர் இந்தியாவுடன் சேர்ந்தது. 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் பிறந்தது. 1952-ல் ஆலுவாயில் அதன் ஆலையை நேரு திறந்துவைத்தார். மணவாளக்குறிச்சியும் சவறாவும் அறுபதுகளில் அந்த நிறுவனத்தின் கீழ் வந்தன. இன்று அதன் பெயர் ஐ.ஆர்.இ.எல். (இந்தியா) லிமிடெட்.

இவ்வளவையும் படமாக்கலாம். விறுவிறுப்பு இருக்கும். ஆனால் முதல் காட்சியில் யார் என்பதுதான் கேள்வி. ஆய்வுக்கூடத்தில் பூதக்கண்ணாடியோடு நிற்கும் ஷோம்பெர்க்கா?

அந்தக் கயிறு அவர் மேஜைக்கு வருவதற்கு முன் எங்கே இருந்தது? 1860-ல் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், பூவாறிலிருந்து பொழியூர் வழியாகக் குளச்சல் பக்கம் வரை கடலை ஒட்டியே போகிறது. இந்தக் கரை நெடுகக் கதம்பையை, அதாவது தேங்காய்த் தொண்டை, மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு அழுக விடுவார்கள். அந்த நாற்றம் தெரியாதவர்களுக்குக் கயிற்றின் விலை தெரியாது. அழுகியதை அள்ளிக் கட்டையால் அடித்து நார் பிரிப்பது பெண்கள். கடற்கரை வெயிலில் காயவைத்து, ராட்டில் மாட்டிப் பின்னோக்கி நடந்து நடந்து முறுக்கேற்றுவதும் பெண்கள். மணல் ஒட்டாமல் இந்த வேலையில் எதுவும் நடக்காது. கயிற்றோடு சேர்த்து மோனசைட்டை முறுக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பியவர்கள் அவர்கள்தான். மணலுக்குப் பெயர் தெரியாது என்பது உண்மை. ஆனால் கருமணல் எந்தக் காற்றில் கரையேறும், எந்த மாதத்தில் மழையும் அலையும் அதைக் குவிக்கும், எந்த மாதம் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்பது கரையில் பிறந்த எவருக்கும் தெரிந்திருக்கும். சாயிப்பு வந்த பிறகு அந்த மணலை வாரிச் சுமக்க வேறு ஆள் எங்கிருந்து வந்திருக்கப் போகிறது? பெரியவர் கேட்டது இதைத்தான்.

பாறசாலையில் உட்கார்ந்து இதை யோசிக்கும்போது இன்னொரு சிக்கலும் தெரிகிறது. இந்தக் கதை எந்த மாநிலத்துடையது? ஷோம்பெர்க் வந்த காலத்தில் மணவாளக்குறிச்சியும் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் சவறாவும் ஒரே ராஜ்யம். 1956 நவம்பர் 1-ல் கோடு விழுந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது. கிடைக்கவில்லை. மணவாளக்குறிச்சி இந்தப் பக்கம், சவறா அந்தப் பக்கம். ஒரே மனிதர் தொடங்கிய இரண்டு ஆலைகள் இரண்டு மாநிலங்களின் வரலாற்றுக்குப் போயின. கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் பாறசாலையில் கடைப் பலகை மலையாளம், கடைக்குள் பேரம் பாதி தமிழ்.

கோடு விழுந்தால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பக்கத்துச் சினிமாவே சாட்சி. மலையாள சினிமாவின் தந்தை என்று இன்று கொண்டாடப்படும் ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த தமிழர். சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ கட்டி, மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்தார். திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக்குக் கடத்தப்பட்டு, அந்நிய மண்ணில் வளரும் ஒரு பையனின் கதை அது. தலித் பெண்ணான பி.கே. ரோஸி நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காதவர்கள் திரையைக் கிழித்தார்கள். ரோஸி ஊரை விட்டு ஓட வேண்டியிருந்தது. டேனியல் எல்லாவற்றையும் இழந்தார். முதுமையில் வறுமை. கலைஞர்களுக்கான உதவித்தொகைக்கு அவர் தகுதி இல்லாமல் போனதற்குக் கேரள அதிகாரிகள் சொன்ன காரணம், அவர் தமிழ்நாட்டுக்காரர் என்பது. தமிழ்நாட்டுக்கோ அவர் மலையாளப் படம் எடுத்தவர். 1975-ல் இறந்தார். 1992-ல் கேரள அரசு அவர் பெயரில் விருதை நிறுவியது. 2013-ல் 'செல்லுலாய்டு' படம் வந்தது. அவர் எடுத்த படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எல்லையில் பிறக்கிற கதைகளுக்கு இப்படி ஒரு சாபம் உண்டு. இரண்டு வீட்டுக்கும் உறவு. சோறு போட ஒரு வீடும் இல்லை.

தண்ணீருக்கும் அதே கதி. அகஸ்திய மலையில் பிறக்கும் நெய்யாறு, நெய்யாற்றின்கரைக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டுப் பூவாறில் கடலில் சேர்கிறது. அதன் இடதுகரைக் கால்வாய் ஒரு காலத்தில் விளவங்கோடு வயல்களுக்கும் பாய்ந்தது. 2004-லிருந்து கேரளம் அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. ஆனால் இந்தச் சிற்றாறுகள் யுகம் யுகமாக மலைப் பாறைகளை அரைத்துக் கடலுக்குக் கொண்டுவந்த கருமணல், கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவே அலை தன் இஷ்டத்துக்கு அதை இங்குமங்கும் தள்ளிக்கொண்டிருக்கிறது.

பழைய கதையை ஏன் இப்போது கிளற வேண்டும் என்றால், அது இன்னும் முடியவில்லை. எல்லையை ஒட்டிய கிள்ளியூர் தாலுகாவில், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு கிராமங்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் ஐ.ஆர்.இ.எல். மணல் எடுக்கத் திட்டம் வந்தது. 2024 அக்டோபர் 1-ந் தேதி நடக்கவிருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பு காரணமாகத் தள்ளிப்போனது. தூத்தூர், வள்ளவிளை, நீரோடி எல்லாம் இந்தக் கரையில்தான் இருக்கின்றன. ஆழ்கடலுக்குப் போய்ச் சுறா பிடிப்பதில் பேர்பெற்ற ஊர்கள். 2017 நவம்பர் 30-ல் வந்த ஓகி புயலில் ஆண்களைப் பறிகொடுத்த ஊர்கள். கரையைக் கடல் தின்பதை வருடா வருடம் பார்க்கிறவர்களிடம் போய், கரையிலிருந்து மணல் எடுக்கப்போகிறோம் என்றால் அவர்கள் பதறுவது இயற்கை. வடக்கே சவறாவை அடுத்த ஆலப்பாட்டில், மணல் எடுத்ததால் தங்கள் ஊரே சுருங்கிவிட்டது என்று 2018-19-ல் நடந்த போராட்டம் அவர்களுக்குத் தெரியாததல்ல.

அரசுத் தரப்பில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தியக் கடற்கரைகளில் சுமார் 1.3 கோடி டன் மோனசைட் இருப்பதாக அணுசக்தித் துறையின் மதிப்பீடு. ஹோமி பாபா 1954-லேயே வகுத்த மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தின் கடைசிப் படி, தோரியம். அதே மோனசைட்டில்தான் மின்சாரக் காரின் மோட்டாருக்கான காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியமும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் பொருட்களின் ஏற்றுமதியில் கட்டுப்பாடு போட்டதும் கார் கம்பெனிகள் எப்படித் தவித்தன என்று பார்த்தோம். நம்மிடம் இருப்பதை நாம் எடுக்க வேண்டும் என்ற வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. மணவாளக்குறிச்சி ஆலையை நம்பிச் சம்பளம் வாங்கும் குடும்பங்களும் அதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. எடுத்த இடத்தை மறுபடி நிரப்புகிறோம் என்கிறது நிறுவனம். நிரப்பியது போதாது என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். கதிர்வீச்சு, புற்றுநோய் பற்றிய பயம் ஒரு பக்கம்; அதற்கு ஆதாரம் போதாது என்று சொல்லும் ஆய்வுகள் மறுபக்கம். இவற்றை எதிரெதிரே உட்கார வைத்துப் பேசத்தானே கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்றை வைத்தோம்?

அந்த நாற்காலிதான் இப்போது எடுக்கப்பட்டிருக்கிறது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் சார்ந்த சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று அப்போதைய முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நாட்டின் பாதுகாப்பு, அவசரம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஆனால் தங்கம் கிடைத்த அன்று ஸ்கூகம் ஜிம் கார்மாக்கின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பதை மறக்கக் கூடாது. கேட்க ஆள் இல்லாததால் அவர் பெயர் விடுபடவில்லை. கேட்கத் தேவையில்லை என்று ஏற்பாடு இருந்ததால் விடுபட்டது.

கருத்துக் கேட்புக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். கூச்சல், கைகலப்பு, வாடகைக்குப் பிடித்த கூட்டம், எல்லாம் உண்டு. ஆனாலும் மீன்காரம்மா ஒருத்தி மைக்கைப் பிடித்து, கலெக்டர் ஆபீஸ் அதிகாரியின் முகத்துக்கு நேராக, "எங்க வீட்டு முற்றத்தில்தான் உங்க மேப் முடியுது" என்று சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான். அவள் சொன்னது அறிக்கையில் ஒரு வரியாகவாவது ஏறும். மணல் போன பிறகும் அந்த வரி இருக்கும். அதுவும் ஒரு ஆவணம்தான்.

ஆகவே, ஷோம்பெர்க்கைப் பற்றி யாராவது படம் எடுப்பதானால் என்னிடம் ஒரு விண்ணப்பம். ஜெர்மனியில் தொடங்காதீர்கள். கால்வாய்க் கரையில் கதம்பை அடிக்கும் சத்தத்தில் தொடங்குங்கள். பின்னோக்கி நடந்து கயிறு திரிக்கும் பெண்ணின் கையைக் காட்டுங்கள். கையிலிருந்து கயிறு, கயிற்றோடு மணல், மணலோடு கப்பல், பிறகு வரட்டும் பூதக்கண்ணாடி. சாயிப்பின் சாகசம் அதனால் ஒரு பிடி குறைந்துவிடாது. அவர் எதைப் பின்தொடர்ந்து வந்தார் என்பது அப்போதுதான் புரியும். பழைய போட்டோக்கள் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை. 'சிட்டி ஆஃப் கோல்ட்' எடுத்தவர்களிடமும் இருந்தது கொஞ்சம் கண்ணாடியும் ஒரு ஊர்க்காரரின் குரலும்தான்.

எந்த மொழியில் எடுப்பது என்ற கேள்வி வரும். கேரளத்தில் மானியம் கேட்டால் மலையாளமா என்பார்கள், சென்னையில் கேட்டால் தமிழா என்பார்கள். பாறசாலை டீக்கடையில் அந்தப் பெரியவர் பேசினாரே, அந்தப் பேச்சில் எடுக்கலாம். களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதற்கு சப்டைட்டில் தேவைப்படாது.